நீதிபதி என்னைக் கேட்ட கேள்வி

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் போகிற தம்பி தங்கச்சிமாரே, சட்டச் சொற்கள் சொல்லித்தர நான் இங்கே வரவில்லை. அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் பாரிஸில் பிறந்து பாரிஸில் படித்தவர்கள். போன கிழமை உங்களில் ஒருத்தி என் பிரெஞ்சு உச்சரிப்பை இரண்டு தடவை திருத்தினாள். சரியாகத்தான் திருத்தினாள். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இருபத்தாறு வருடம் நீதிமன்றங்களில் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் நின்றவனுக்கு இந்தப் பெட்டை பாடம் எடுக்கிறாளோ என்று புறுபுறுத்துக்கொண்டே போனேன். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூட. அது ஒருவனுடைய வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்ட கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அன்றைக்கு இன்னொருவர் கேட்டார்: "அண்ணை, வழக்குக் கூப்பிடுறதுக்கு முதல் ஆக்களோடை ரெண்டு வார்த்தை கதைச்சால் பிழையோ? பாவங்கள், பயந்துபோய் இருக்குதுகள்." நான் "கதைக்காதை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். கிழவனுக்கு ஏதோ கடுப்பு என்று நினைத்திருப்பார். அவருக்கான முழுப் பதில் இதுதான்.

உங்களுக்கு இன்னும் பழக்கமில்லாத ஓர் அறையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். விசா இல்லாமல் பிடிபட்ட ஒருவரை பிரெஃபெக்தூர், அதாவது எங்கள் கார்டுகளையெல்லாம் தருகிற, பறிக்கிற அந்த அரச அலுவலகம், அந்த நாட்களில் இரண்டே இரண்டு நாள்தான் தன் எண்ணத்துக்குத் தடுத்து வைக்கலாம். அதற்கு மேலே வைத்திருக்க வேண்டுமென்றால் நீதிபதி முன்னால் வந்து கேட்க வேண்டும். நீதிபதி சரி என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அந்த ஒரு 'இல்லை'க்காகத்தான் அப்படி ஓர் அறையையே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காலையில் பதினைந்து வழக்கு. அரச தரப்பு வக்கீல் எழும்பி அதே நாலு வரியைப் படிப்பார், எங்கள் ஆளின் வக்கீல் கோப்பை அப்போதுதான் திறப்பார், நீதிபதி தலையாட்டுவார். பெரும்பாலான நாட்களில் கேட்டது கிடைத்துவிடும்.

இரண்டாயிரத்துப் பத்து, இளவேனில் காலம். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வன்னியிலிருந்து தப்பி வந்தவர்களால் எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா சப்பல் நிறைந்திருந்தது. எனக்கு அப்போது நல்ல பெயர். சில நீதிபதிகள் தமிழ் வழக்கு என்றால் என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். அன்றைக்கு இருந்த நீதிபதி அம்மாவும் அப்படித்தான். உள்ளே போகும்போதே "வணக்கம், மொழிபெயர்ப்பாளர் அவர்களே" என்று சிரிப்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வாசலுக்கு வெளியே நீண்ட நடை. சுவரோரம் கதிரைகள். ஒரு கதிரையில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெடியன், பக்கத்தில் பொலிஸ். ரூபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு வரும்போது மெட்ரோ வாசலில் பரிசோதனையில் அகப்பட்டவன். அகதி விண்ணப்பம் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தது. சேர்ட்டின் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு, கோயிலில் அர்ச்சனைக்கு நிற்பவன் மாதிரிக் கையைக் கட்டியபடி இருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் சனம் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் செய்வதைத்தான் செய்தேன். ஊர் கேட்டேன்.

"தம்பி எந்த இடம்?"

"இயக்கச்சி, அண்ணை."

"இயக்கச்சியிலை எங்கை?"

"சந்தியிலை. அப்பா சைக்கிள் கடை வைச்சிருந்தவர்."

"எட! தாடிக்காரற்றை மகனோ நீ? நான் பக்கத்துப் பளையடா. உன்ரை கொப்பரிட்டைக் காத்தடிக்காத சைக்கிள் எங்கடை பக்கத்திலை இல்லை."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. பிடிபட்ட பிறகு முதல் தடவை சிரிக்கிறான் என்று நினைக்கிறேன். நானும் சிரித்தேன். அவனுடைய அப்பா ஒரு பொலிஸ்காரனின் சைக்கிளுக்கு மூன்று தரம் ஒட்டுப் போட்ட கதையைச் சொல்லி, இரண்டு பேரும் வாய்விட்டே சிரித்தோம். எங்களைத் தாண்டி அறைக்குள் போன அரச தரப்பு வக்கீல் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

ரூபன் என் பக்கம் சரிந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, உங்களிட்டைச் சொல்லலாம்தானே. பாஸ்போட் அக்கா வீட்டை, ஓல்னேயிலை கிடக்கு. அத்தான் அரிசி வாளிக்குள்ளை வைச்சிருக்கிறார். நான் இல்லையெண்டுதான் சொல்லப்போறன். அது சரிதானே?"

இந்த இடத்தில் பாஸ்போர்ட்டின் பெறுமதியை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் இல்லாத ஆளை விமானத்தில் ஏற்ற முடியாது. தூதரகம் ஒரு பயணக் கடிதம் தர வேண்டும். அது பல தடவை காலத்துக்கு வந்து சேராது. சட்டம் தந்த நாட்கள் முடிந்தால் தடுப்பின் கதவைத் திறந்துவிட்டே ஆக வேண்டும். பாஸ்போர்ட் கிடைத்தால் கதை முடிந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் விசாரணைக்கென்று கொண்டுபோவார்கள், அதற்குப் பிறகு எப்போது வெளியே வருவான் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. ஆக, அவனுடைய உயிர் அந்த அரிசி வாளிக்குள் கிடந்தது.

நான் "ம்" என்றேன். ஓம் என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அப்போதே "என்னிடம் இதையெல்லாம் சொல்லாதே, வக்கீலிடம் சொல்" என்று எழும்பிப் போயிருக்க வேண்டும். எங்கே! தாடிக்காரரின் மகனல்லவா.

உள்ளே போனோம். நீதிபதி கேட்டார், பாஸ்போர்ட் எங்கே என்று. ரூபன் சொன்னான்: "என்னட்டை இல்லை. என்னைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் வாங்கிப்போட்டான்." அப்படியே மொழிபெயர்த்தேன். அதுவரை என் வேலையில் குறை இல்லை.

அப்போது அரச தரப்பு வக்கீல் எழும்பினார். "மொழிபெயர்ப்பாளரும் இவரும் வெளியே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய நண்பர்கள் போலிருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பற்றி ஒருவேளை மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்கலாம்" என்றார். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பில்லாமல் என்னைப் பார்த்தார். "உண்மையா? வழக்குச் சம்பந்தமாக இவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

கை உயர்த்தி எடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. மானத்தோடும் மனச்சாட்சியோடும் நீதிக்குத் துணை நிற்பேன் என்று சொன்ன சத்தியம். அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். என் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்களோ என்ற பயமும் வந்தது. அதையும் தாண்டி இன்னொன்று. இந்த அம்மா முன்னால் நான் ஒரு கள்ளனாகத் தெரியக்கூடாது என்ற வீம்பு. அந்த வீம்புதான் வாயைத் திறந்தது.

"பாஸ்போர்ட் ஓல்னேயில் அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்" என்றேன் பிரெஞ்சில்.

சொல்லி முடிக்க ஐந்து விநாடி ஆகியிருக்காது. அரிசி வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. அதைப் பெரிய தர்மமாக நினைத்து அன்றைக்கு என்னை நானே தேற்றிக்கொண்டேன், பாருங்கள். என்ன மனுசன் நான்!

ரூபனின் வக்கீல், சின்னப் பிள்ளை, பாய்ந்து எழும்பி ஆட்சேபித்தாள். நீதிபதி "குறித்துக்கொள்கிறேன்" என்றார். ரூபனுக்குப் பிரெஞ்சு தெரியாது. எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தான்.

"என்னண்ணை கேக்கினம்?"

அந்த அறையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நான் சொன்னது: "ஆளை ஆள் தெரியுமோ எண்டு கேட்டவை."

பத்து நிமிடத்தில் தீர்ப்பு. பிரெஃபெக்தூர் கேட்ட நாட்களை நீதிபதி கொடுத்தார். தீர்ப்பில் ஒரு வரி இருந்தது: பாஸ்போர்ட் இருந்தும் மறைக்கப்பட்டிருப்பது விசாரணையில் தெரியவந்தது என்று. நான் முடிவை மட்டும் மொழிபெயர்த்தேன். அந்த வரியைத் தாண்டிப் போனேன். கடதாசி அவன் கையில்தான் இருந்தது, அவனால் அதை வாசிக்க முடியாது. மறுபடியும் விலங்கு போடும்போது ரூபன் சொன்னான்: "நன்றி அண்ணை. எங்கடை ஆளொராள் பக்கத்திலை நிண்டது பெரிய தெம்பு."

வெளியே கோப்பி மெஷினடியில் ஒரு பெங்காலி மொழிபெயர்ப்பாளர் நின்றாள். தன் வழக்குக்காகப் பின்வரிசை வாங்கில் காத்திருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். என்னைவிட இருபது வயது இளையவள். நேரடியாகவே கேட்டாள்.

"ஏன் பதில் சொன்னீர்கள்?"

"நீதிபதி கேட்டார்."

"கேட்பார். 'அவரையே கேளுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்' என்று சொல்லியிருக்கலாமே. உங்களைச் சாட்சியாகவா கூப்பிட்டார்கள்?"

அவ்வளவுதான். ஒரு வசனம். அதைச் சொன்னதற்காக எந்த நீதிபதியும் யாரையும் தூக்கில் போட்டதில்லை. பிற்காலத்தில் நானே மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் முறைத்தார், மற்ற இருவரும் பேசாமல் அடுத்த கேள்விக்குப் போனார்கள். அன்றைக்கு மட்டும் அது என் வாயில் வரவில்லை. "உன் வேலையைப் பார்" என்று அவளிடம் சீறினேன். அவள் கோப்பிக் கோப்பையோடு அப்பால் போனாள். அவளுடைய பெயரைக்கூட நான் கேட்டதில்லை. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் அவள்தான்.

அடுத்த நாள் காலை, கோப்பில் இருந்த விலாசத்தை வைத்துப் பொலிஸ் ஓல்னேக்குப் போனது. அக்கா துப்புரவு வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் மட்டும் வீட்டில். "பாஸ்போர்ட் இங்கேதான் இருக்கிறது, மறைத்தால் உனக்கும் வழக்கு" என்றார்களாம். மனுசன் நடுங்கிப்போய் எடுத்துக் கொடுத்துவிட்டார். எட்டாம் நாள் ரூபனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து அக்கா எனக்குப் போன் எடுத்தாள். லா சப்பலில் ஒரு கடைக்காரரிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"அண்ணை, நீங்கள் பளை ஆள் எண்டு தம்பி தடுப்பிலையிருந்து போனிலை சொன்னவன். நல்ல மனுசன் எண்டும் சொன்னவன். கோட்டிலை பாஸ்போட் இல்லையெண்டுதானே சொன்னவன்?"

"ஓம் பிள்ளை, அப்பிடித்தான் சொன்னவன்."

"பேந்து எப்பிடிப் பொலிசுக்குத் தெரிஞ்சது? வீட்டை வந்து நேரை பாஸ்போட்டைத்தானே கேட்டவங்கள். எனக்கு விளங்கீட்டுது அண்ணை. இவர்தான் சொல்லியிருக்கிறார். எட்டு மாசமாய் முன்னறைச் சாலோனிலை படுக்கிறான், டிவி பாக்க ஏலாமல் கிடக்கு எண்டு ஒரே புறுபுறுப்பு. பாவி மனுசன், என்ரை தம்பியைக் காட்டிக் குடுத்திட்டார்."

நான் அப்போது சொல்லியிருக்கலாம். "எனக்கொண்டும் தெரியாது பிள்ளை" என்றேன். நீதிபதி முன்னால் செய்ததைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இதற்கு எந்தச் சாட்டும் இல்லை. இது சுத்தக் கோழைத்தனம்.

அதற்குப் பிறகு நான் வழக்குக்கு முதல் யாரோடும் பேசுவதில்லை. ஊர் கேட்டால் "பாரிஸ்" என்பேன். "உந்தாளுக்குத் திமிர்" என்று லா சப்பல் முழுக்கக் கதை. போகட்டும். நீங்களும் ஊர் கேட்காதீர்கள். ஊர் கேட்டதும் எங்கள் சனம் மனதைத் திறந்துவிடும், அதற்குள் இருப்பதையெல்லாம் நீங்கள் சுமக்க வேண்டி வரும். அவர்களுக்கு ஆறுதல் தேவைதான். ஆனால் உங்களிடம் சொன்னதை ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும்போது, உங்கள் முதுகெலும்பு என்ன செய்யும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஓய்வு பெற்ற வருடம். லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் அந்தலையில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். நரைத்த மனிதர் ஒருவர் இரண்டு பைகளோடு, யாரையும் நிமிர்ந்து பாராமல் வெளியே போனார். காசு வாங்குகிற பெடியன் என்னிடம் கண்ணைக் காட்டினான்.

"உவரைத் தெரியுமோ அண்ணை? மச்சானைப் பொலிசிலை பிடிச்சுக் குடுத்தவர். ஓல்னே ஆள்."

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். உவற்றை மனிசியே சொல்லுறா. ஒரு வீட்டுக்குள்ளைதான் இருக்கினம், கதை பேச்சில்லையாம்."

முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒன்பது வருடம். நான் பென்சன் வாங்கிக்கொண்டு முருங்கைக்காய் தெரிந்தெடுக்கிறேன், அந்த மனுசன் என்னுடைய பழியைச் சுமந்துகொண்டு தெருவில் தலை குனிந்து போகிறார். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு ஓல்னேக்குப் போனேன். அக்காதான் கதவைத் திறந்தாள். யாரென்று சொன்னதும் "ஐயோ, பளை அண்ணையோ, வாங்கோ வாங்கோ" என்று கூட்டிப்போய் இருத்தினாள். ரூபன் உயிரோடு இருக்கிறானா என்றுதான் முதலில் கேட்டேன்.

"இருக்கிறான் அண்ணை. ஒண்டரை வருசம் உள்ளை வைச்சிருந்திட்டு விட்டவங்கள். ஒரு காது கேக்கிறேல்லை. இப்ப கிளிநொச்சியிலை மோட்டச்சைக்கிள் திருத்துறான்."

அத்தான் சமையலை விட்டுவிட்டு வந்து குசினி வாசலில் நின்றார். வந்து இருக்கவில்லை. அந்த வீட்டில் விருந்தாளியோடு வந்து இருக்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போய் எவ்வளவோ காலம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நடையில் ஊர் கேட்டதிலிருந்து, போனில் "தெரியாது" என்றது வரைக்கும். ஒன்றையும் குறைக்கவில்லை. அக்கா குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, நீங்கள் இல்லையோ?"

அத்தான் சொன்னார்: "எத்தினை தரம் சொன்னனான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, போனை எடுத்து நம்பரைத் தட்டி என் கையில் தந்தாள்.

"தம்பியும் இவரைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறான். இண்டுவரைக்கும் இவரோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ."

மணி அடித்தது. எடுத்தான்.

"ஹலோ, அக்கா?"

"அக்கா இல்லை தம்பி. நான் பாரிஸ் கோட்டிலை உனக்கு மொழிபெயர்த்த ஆள்."

"ஆர்? பளை அண்ணையோ!" ஒன்பது வருடத்துக்கு முந்திய அதே சிரிப்பு. "கடவுளே, எப்பிடி அண்ணை இருக்கிறியள்? உங்களை நான் மறக்கேல்லை."

நான் சொன்னேன். அவனுக்கு ஒரு காதுதான் கேட்கும் என்பதால் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதி கேட்டதை, நான் சொன்ன பதிலை, அதை அவனுக்கு மறைத்ததை, தீர்ப்பில் நான் தாண்டிப் போன வரியை, அந்தச் சிறிய வீட்டுக்குள் நின்று கத்திக் கத்திச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"அத்தான் கிட்ட நிக்கிறாரோ?" என்றான்.

"ஓம், நிக்கிறார்."

"அவரிட்டைப் போனைக் குடுங்கோ."

எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை, ஏச்சுக்கூட இல்லை. நான் எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்றவரிடம் போனை நீட்டினேன். அவர் கையைத் துவாயில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினார். "சொல்லு ரூபன்" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். ஒருவரும் மறிக்கவில்லை.